ஒரு தலைவாயும் பல கிளைவாய்களும்



அயற்சொல்லைக் களைவது தூய தமிழ்ப் பணியின் முதற்படி, முடிந்த படியன்று. களைந்த இடத்தில் நாம் நடுகின்ற சொல் முளைக்க வேண்டும், வேர்பிடிக்க வேண்டும், நம் பிள்ளைகளின் நாவிலும் நெஞ்சிலும் விளைந்து பயன்தர வேண்டும். நட்டது முளையாதாயின், களை பறித்த வயல் வெறுந்தரையாய்க் கிடக்கும். அடுத்த மழைக்கு அதே களை முன்னினும் அடர்ந்து எழும். இவ்வுண்மையைச் சோழநாட்டு உழவர்க்கு எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சொல்லாக்கஞ் செய்யும் நமக்குத்தான் அடிக்கடி எடுத்துரைக்க வேண்டியிருக்கின்றது.

இதற்குச் சான்றாகக் கணினி வலையமைப்பிலிருந்து ஒரே ஒரு கருத்தை எடுத்துக்கொள்கின்றேன். ஒரு கூட்டத்துக் கணினிகளின் செய்தியை மற்றொரு கூட்டத்திற்கு வழிதெரிந்து அனுப்பும் பெட்டியைக் கடைத்தெருவில் 'ரூட்டர்' என்கின்றனர். நம்மவர் 'திசைவி' என்றும் 'வழிச்செலுத்தி' என்றும் அதற்குப் பெயரிட்டுள்ளனர். அப்பெட்டி திசையைக் காட்டி நிற்பதன்று. வழியைத் தேர்ந்து செலுத்துவது. ஆகவே வழிச்செலுத்தி என்பதையே யான் கொள்கின்றேன். அப்பெட்டியில் கம்பியைச் செருகும் துளைக்கு 'இன்டர்பேசு' என்று பெயர். அத்துளை ஒன்றே இருப்பினும், அதற்குள் பல துளைகள் இருப்பதுபோல் வகுத்துக்கொள்ளும் முறையொன்று உண்டு. அவ்வாறு வகுத்தவற்றை ஆங்கிலத்தார் 'வர்ச்சுவல்' என்றும் 'லாசிகல்' என்றும் அடைகொடுத்து வழங்குவர். அதனைத் தமிழாக்க முனைந்தோர் 'மெய்நிகர் ஏரண இடைமுகம்' என்கின்றனர்.

மூன்று சொல்லும் கேட்பதற்குத் தமிழே. ஆனால் மூன்றும் கூடிய தொடர் கருத்தை விளக்குகின்றதா, மறைக்கின்றதா? இதுவே என் வினா.

என்னிடம் பள்ளியிற் பயின்று, பின்னர்ப் பல்தொழிற் பயிலகம் ஒன்றிற் சேர்ந்த மாணவன் ஒருவன் தன் குறிப்பேட்டுடன் வந்தான். "ஐயா, மெய்நிகர் என்றால் மெய்போலத் தோன்றும் பொய் என்றுதானே பொருள்? பொய்யான ஒன்றிற்கு ஏன் முகவரி கொடுக்கின்றோம்? ஏரணம் என்றால் அளவையியல் என்று தாங்கள் சொல்லித் தந்தீர்கள். இந்தத் துளை எதை அளவையிட்டு ஆராய்கின்றது?" என்று கேட்டான். அவன் கேள்வியில் பிழையில்லை. சொல்லைச் சொல்லாகவே படித்தவன் கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டான். பிழை சொல்லைச் செய்தவர் பக்கம் இருக்கின்றது.

பொருளை அறிந்தாலன்றிப் பெயரை ஆராய இயலாது. ஆகவே அப்பொருளின் இயக்கத்தை முதலில் காண்போம்.

ஒரு பள்ளியை நினைத்துக் கொள்ளுங்கள். அலுவலகத்தில் சில கணினிகள், ஆய்வகத்தில் பல, நூலகத்தில் சில. மாணவர் மதிப்பெண்ணும் ஆசிரியர் சம்பளக் கணக்கும் உள்ள அலுவலகக் கணினிகளை ஆய்வகத்துப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தல் கூடாது. ஆகவே மூன்று கூட்டங்களையும் பிரித்து வைக்க வேண்டும். கூட்டத்திற்கொரு பெட்டியும் தனித்தனிக் கம்பியும் வாங்கின் செலவு பெருகும். இதற்கொரு வழி கண்டனர். எல்லாக் கணினிகளையும் 'சுவிட்சு' என வழங்கும் ஒரே பங்கீட்டுப் பெட்டியிற் பொருத்தி, அதனுள்ளேயே அலுவலகத்திற்கு 10 என்றும், ஆய்வகத்திற்கு 20 என்றும், நூலகத்திற்கு 30 என்றும் எண் கொடுத்துப் பிரித்துவிடுவர். ஓர் எண்ணுடைய கூட்டம் மற்றோர் எண்ணுடைய கூட்டத்தை நேரே அறியாது. அவை தம்முள் பேச வேண்டுமாயின், வழிச்செலுத்தியின் வழியே சென்று, அது விதித்த கட்டுப்பாட்டிற்கு உட்பட்டே பேச வேண்டும்.

பங்கீட்டுப் பெட்டியிலிருந்து வழிச்செலுத்திக்குச் செல்வதோ ஒரே கம்பி. மூன்று கூட்டத்தின் செய்திகளும் அவ்வொரு கம்பியிலேயே ஒன்றன்பின் ஒன்றாய் வரும். எது எக்கூட்டத்தது என்று அறிவது எவ்வாறு? அதற்கென ஒவ்வொரு செய்திப் பொதியிலும் 4 எண்மி நீளமுள்ள ஓர் அடையாளத்தைச் செருகுவர். மின், மின்னணுப் பொறிஞர்களின் பன்னாட்டுக் கழகமாகிய ஐ.இ.இ.இ. இம்முறைக்கு 802.1கியூ என்னும் நெறியை 1998 இல் வெளியிட்டது. அவ்வடையாளத்தில் கூட்டத்தின் எண்ணுக்கென ஒதுக்கிய இடம் 12 இருமத் துணுக்குகள். அதனால் 4,096 எண்கள் கிடைக்கும். முதலதும் இறுதியதும் வேறு பயனுக்கு ஒதுக்கப்பட்டமையால், 4,094 கூட்டங்களை ஒரே கம்பியில் வேறுபடுத்திக் காட்டலாம்.

தாராசுரத்தார்க்கு இதை விளக்கத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 12 ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த இவ்வூர்க் கற்றளியில், கருவறையைச் சூழ்ந்த அடிப்பகுதியில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு புடைப்புருவங்களாய் வரிசையாகச் செல்கின்றன. ஒரே கல்வரிசை, ஒன்றன்பின் ஒன்றாய்ப் பல வரலாறுகள். காண்பவர் மயங்காவண்ணம் உருவங்களை அடுத்து இன்னார் என்று பெயர் பொறித்து வைத்தனர். அப்பொறிப்பு இல்லையேல் எது எவர் வரலாறு என்று தெளிதல் அரிது. கம்பியிற் செல்லும் பொதிக்கு எண் பொறிப்பதும் அதே வேலையைத்தான் செய்கின்றது.

இனி, வழிச்செலுத்தியின்பால் வருவோம். அங்குள்ள துளை ஒன்றே. வரும் கூட்டங்களோ மூன்று. ஆகவே அவ்வொரு துளைக்குள் மூன்று கிளைகளை வகுக்க வேண்டும். செய்முறை எளியது. முதலாவது, துளையைத் திறந்துவிட வேண்டும். இவ்வகைப் பெட்டிகளிற் பலவற்றில் அது தொடக்கத்தில் மூடியே இருக்கும். துளைக்கெனத் தனி முகவரி கொடுக்க வேண்டுவதில்லை. இரண்டாவது, அத்துளையின் பெயரோடு ஒரு புள்ளியும் 10 என்னும் எண்ணும் சேர்த்து ஒரு கிளையை உண்டாக்க வேண்டும். மூன்றாவது, 10 என்னும் பொறிப்புடைய பொதிகள் இக்கிளையைச் சேர்ந்தவை என்று அறிவிக்க வேண்டும். நான்காவது, அக்கிளைக்கு 192.168.10.1 என்பதுபோல் ஒரு முகவரியும், அதன் எல்லையைக் காட்டும் 255.255.255.0 என்னும் மறைப்பெண்ணும் கொடுக்க வேண்டும். அலுவலகக் கணினிகள் யாவும் வெளியே செல்லும் வாயிலாக அம்முகவரியையே கொள்ளும். இவ்வாறே 20க்கும் 30க்கும் செய்ய வேண்டும். ஐந்தாவதாக, பங்கீட்டுப் பெட்டியின் பக்கத்திலும் அக்கம்பி பல கூட்டங்களைச் சுமக்கும் கம்பி என்று அறிவிக்க வேண்டும். அவ்வளவே.

இப்பொழுது மாணவனின் கேள்விக்கு வருவோம். இக்கிளைகள் பொய்யா? பொய்யாயின் அலுவலகக் கணினியின் செய்தி அவற்றின் வழியே வெளியே செல்வதெப்படி? ஒவ்வொன்றுக்கும் தனி முகவரியுண்டு, தனிக் காவலுண்டு, தனியே திறக்கலாம், தனியே மூடலாம். கையால் தொட இயலாது என்பதைத் தவிர அவற்றிற்கு எக்குறையும் இல்லை. 'வர்ச்சுவல்' என்பதன் வேர் 'விர்த்துசு' என்னும் இலத்தீனச் சொல். அதற்கு ஆற்றல், திறன் என்பன பொருள். வடிவிற் காணப்படாவிடினும் செயலாற்றலில் உள்ளது என்பதே அவர்கள் கருத்து. கண்முன் மாயத்தோற்றம் காட்டும் கருவிகளுக்கு 'மெய்நிகர்' என்பது பொருந்தும். அங்கே தோன்றுவது மெய்யைப் போன்றதே அன்றி மெய்யன்று. இங்கேயோ நடப்பது மெய்யாகவே நடக்கின்றது. ஓர் ஆங்கிலச் சொல் ஈரிடத்தில் வந்ததனால் தமிழிலும் ஒரே சொல் ஈரிடத்திலும் வரவேண்டும் என்று எவர் விதித்தார்?

'லாசிகல்' என்பதும் அவ்வாறே. பருப்பொருளாய் இல்லாமல் கருத்தளவில் வகுத்தது என்பதே கணினியார் அச்சொல்லுக்குக் கொண்ட பொருள். அளவையியலுக்குரிய ஏரணத்தை இங்கே கொணர்ந்து ஒட்டியது அகரமுதலியைப் பார்த்துச் செய்த வேலை. பொருளைப் பார்த்துச் செய்த வேலையன்று. இது பெயர்ப்பு, ஆக்கமன்று. சொல்லால் தமிழாகி, சிந்தனையால் ஆங்கிலமாகவே நிற்பது இது.

அங்ஙனமாயின் எப்பெயர் இடலாம்? காவிரிப் படுகையில் பிறந்தவர்க்கு இதிலென்ன மலைப்பு? ஒரு நீரைப் பலவாகப் பகுத்து, இன்னாருக்கு இன்ன வழி என்று விடும் கலையில் ஈராயிரம் ஆண்டுப் பழக்கமுடையவர் நாம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், 1934 இல் முடிந்த கல்லணைக் கால்வாய் என நீர் பிரிகின்றது. காவிரியினின்று பிரிந்த அரசலாறு இவ்வூர்ப் பக்கம் பாய்கின்றது. ஆற்றிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து கிளை வாய்க்கால், அதிலிருந்து மடை என்று நீர் வயலுக்குச் சேர்கின்றது.

இந்நீர்ச் சொற்களைச் சற்றே உற்று நோக்குங்கள். தலைப்பு, தலைமடை, இடைமடை, கடைமடை, கண்ணாறு, வாய்க்கால், கால்வாய். இவற்றின் உறுப்புகள் தலை, இடை, கடை, கண், கால், வாய். நன்னூலார் ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள் உருபுகளைத் தொகுத்தபோது வைத்த உருபுகளுள் இவ்வாறும் இருக்கின்றன! நீரை வழிப்படுத்திய சொற்களும் இடத்தைக் குறித்த உருபுகளும் நம் மொழியில் ஒன்றாகவே நிற்கின்றன. வலையமைப்பு என்பதும் முழுக்க முழுக்க இடத்தைப் பற்றிய கலையே. எது எங்குள்ளது, எவ்வழியாய் அங்குச் செல்வது என்பதைத் தவிர வழிச்செலுத்திக்கு வேறு கவலையில்லை. இத்துணைப் பொருத்தமான கருவூலம் கையில் இருக்க, 'இடைமுகம்' என்று ஆங்கிலத்தைப் பிளந்து பெயர்ப்பானேன்?

யான் முன்வைப்பது இது. செய்தி புகுந்து வெளிப்படும் இடம் 'வாய்'. கம்பி செருகும் பருத்துளை 'தலைவாய்'. அதனுள் வகுக்கப்படுவது 'கிளைவாய்'. பங்கீட்டுப் பெட்டியில் எண்ணிட்டுப் பிரித்த கணினிக் கூட்டம் 'கண்ணாறு'.

கண்ணாறு என்பது யான் புனைந்த சொல்லன்று. சோழர்காலக் கல்வெட்டுகள் நிலத்தின் இருப்பிடத்தைச் சொல்லும் முறையைப் பாருங்கள். இன்ன வதிக்குக் கிழக்கு, இன்ன வாய்க்காலுக்குத் தெற்கு, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று அவை நிலத்தை அடையாளங்காட்டும். வதிக்கும் வாய்க்காலுக்கும் பெயர். கண்ணாற்றிற்கும் சதிரத்திற்கும் எண். பெரும்பிரிவிலிருந்து சிறுபிரிவுக்கு இறங்கி, இறுதியில் ஒரே ஒரு துண்டு நிலத்தைக் காட்டிவிடும் முகவரி அது. கணினியின் முகவரியும் அவ்வாறே பிணையத்தை முன்னும் பொறியைப் பின்னும் காட்டுகின்றது. எண்ணிட்டு வகுத்த பிரிவுக்கு நம் முன்னோர் இட்ட பெயர் நமக்குக் காத்துக் கிடக்கின்றது.

இச்சொற்கள் பெயராக மட்டும் நில்லா, பொருளையும் கற்பிக்கும். தலைவாயை மூடினால் கிளைவாய்கள் என்னாகும் என்று கேளுங்கள். தலைப்பை அடைத்தால் கிளை வாய்க்கால் வறளும் என்று உழவர் வீட்டுப் பிள்ளை உடனே சொல்வான். உண்மையும் அதுவே. கிளைவாய்களை மிகுத்தால் செய்தி விரைந்து செல்லுமா? செல்லாது, வாய்க்காலைப் பெருக்கினால் ஆற்றில் நீர் பெருகுமா? தலைவாயின் கொள்ளளவு எதுவோ அதனையே எல்லாக் கிளைவாய்களும் பகிர்ந்துகொள்ளும். 'மெய்நிகர் ஏரண இடைமுகம்' என்று உருப்போட்டவன் இவ்விரு விடைகளையும் அத்தொடரிலிருந்து பெற முடியுமா?

உவமைக்கும் ஓர் எல்லை உண்டு. அதை மறைத்தல் ஆசிரியர்க்கு அழகன்று. நீருக்குத் தன் வயல் எதுவென்று தெரியாது. எம்மடை திறந்திருக்கின்றதோ அதிற் பாயும். செய்திப் பொதியோ தன் எண்ணைத் தானே சுமந்து வரும். நீர் பள்ளம் நோக்கி ஒருவழியே செல்லும். செய்தி போகவும் வரவும் செய்யும். இவ்விரு வேறுபாட்டையும் சொல்லித் தந்துவிட்டால் போதும்.

இன்னொரு வகையும் உண்டு. எக்கம்பியோடும் தொடர்பின்றி, பெட்டிக்குள்ளேயே உண்டாக்கப்படுவது. 'லூப்பேக்கு' என்பர். அதனை 'உள்வாய்' எனலாம். தலைவாய் அறுபடலாம், கம்பி முறியலாம்; பெட்டி இயங்கும்வரை, பொறுப்பாளர் தாமே மூடாதவரை, உள்வாய் திறந்தே இருக்கும். ஆகையால் பெட்டிக்கு நிலையான அடையாளமாக அதன் முகவரியைக் கொள்வர். ஓர் ஊருக்குச் செல்லும் சாலைகளுள் ஒன்று வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டாலும் ஊர் ஊராகவே இருக்கும். மற்றொரு சாலையால் அதனை அடையலாம். அதுபோன்றது இது.

"கட்டளைகளெல்லாம் ஆங்கிலத்தில்தானே உள்ளன? பெட்டியைச் செய்தவன் அயலான். வேலை தருவோனும் ஆங்கிலத்தையே கேட்பான். பிறகு தமிழ்ப்பெயர் எதற்கு?" என்று சிலர் கேட்பர். இது புறந்தள்ளத்தக்க கேள்வியன்று. விடை சொல்ல வேண்டிய கேள்வி.

கட்டளை வேறு, அறிவு வேறு. 'என்கேப்சுலேசன் டாட்ஒன்கியூ 10' என்று தட்டச்சிடப் பத்து நாளிற் பழகிவிடலாம். பெட்டி வேலை செய்யும்வரை அதுவே போதும். வேலை செய்யாதபோதுதான் அறிவு வேண்டும். வழிச்செலுத்தியில் 20 என்றும் பங்கீட்டுப் பெட்டியில் 30 என்றும் எண் மாறியிருந்தால், விளக்குகள் எரியும். துளை திறந்திருப்பதாகவே பெட்டி சொல்லும். செய்தி மட்டும் செல்லாது. உருப்போட்டவன் அதே கட்டளையைத் திரும்பத் திரும்ப இட்டுச் சலிப்பான். பொருளுணர்ந்தவன் முதலில் இருபுறத்து எண்ணையும் ஒப்பிட்டுப் பார்ப்பான். வயலுக்கு நீர் வரவில்லையெனில் மடையிலிருந்து தலைப்பு வரை நடந்து பார்க்கும் உழவரைப் போல. கட்டளையை ஆங்கிலத்தில் இடட்டும்; அதன் காரணத்தைத் தமிழில் எண்ணட்டும். எண்ணுவது எம்மொழியிலோ, வல்லமை அம்மொழியில்தான் வரும்.

முன்னோடியும் உண்டு. 1847 இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிசுக்கு கிறீன் தமிழ் கற்று, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். உடற்கூற்றைத் தமிழிற் சொல்ல இயலும் என்று ஓர் அமெரிக்கர் நம்பினார். துளையொன்றைத் தமிழிற் சொல்ல இயலும் என்று நாம் நம்பலாகாதா? அண்ணா பல்கலைக்கழகம் 2010 இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. கணினி, மென்பொருள், இணையம், மின்னஞ்சல் என்பன இன்று பட்டிதொட்டியெங்கும் வழங்குகின்றன. அவை வழங்குவது தூயவை என்பதனால் மட்டுமன்று, சொன்னவுடன் விளங்குவதனால்.

ஓர் இழப்பையும் இங்கே நினைவூட்ட வேண்டும். கண்ணாறு என்று எண்ணிட்டுச் சொன்ன நம் படுகையில், இன்று பாசனக் கால்களை 'ஏ வாய்க்கால், பி வாய்க்கால், சி வாய்க்கால், டி வாய்க்கால்' என்கின்றோம். தூர்வாரும் காலத்தில் "சி, டி வாய்க்கால்களைத் தூர்வாருக" என்று உழவர்களே முழங்குகின்றனர். வாய்க்கால் நம்முடையது, வெட்டியவர் நம்மவர், பாயும் நீர் காவிரி, பெயர் மட்டும் ஆங்கில எழுத்து! அலுவலகக் கோப்பில் எழுதிய பெயர் ஊராரின் நாவிலிருந்த பெயரைத் தின்றுவிட்டது. பெயர் போனபின் அதனோடு சேர்ந்த முறையறிவும் மெல்ல மெல்லப் போகும். எது எவ்வயலுக்குரியது என்பதை இன்று அளவர் வரைபடம் பார்த்தே அறிய வேண்டியவர் பெருகி வருகின்றனர்.

நிலத்தின் வாய்க்காலில் நேர்ந்தது செய்தியின் வாய்க்காலிலும் நேரவிடலாமா? தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளையும் ஒளியிழையால் இணைப்பதென்று அரசு திட்டம் வகுத்தது. இழை சென்று சேரும் ஒவ்வோரிடத்திலும் ஒரு பெட்டி இருக்கும். பெட்டிக்குள் வாய்கள் இருக்கும். ஊராட்சி அலுவலகத்துக்கொன்று, பள்ளிக்கொன்று, நலவாழ்வு நிலையத்துக்கொன்று எனக் கிளைவாய்கள் வகுக்க வேண்டிவரும். அவற்றை வகுக்கவும் பழுது நீக்கவும் வருவோர் யார்? நகரத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர் வரும்வரை ஊர் காத்திருப்பதா? அவ்வூர்த் தமிழ்வழிப் பள்ளியிற் படித்த, நெசவாளர் வீட்டு, உழவுத்தொழிலாளர் வீட்டுப் பிள்ளை அப்பெட்டிக்குக் கரைக்காவலராய் நிற்பதா? இந்த வினாவிற்கான விடையில்தான் நம் சொல்லாக்கத்தின் வெற்றியும் தோல்வியும் அடங்கியிருக்கின்றன.

ஆகவே தமிழறிஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சொல்லை ஆக்குமுன் அப்பொருளை இயக்குவோரோடு ஒருநாள் அமர்ந்து பாருங்கள். ஆங்கில அகரமுதலியை அதன்பின் திறக்கலாம். கணினியாளருக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் கட்டளைகள் செய்வதென்ன என்பதை, ஆங்கிலம் அறியாத உங்கள் அன்னைக்குச் சொல்வதுபோல் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். அப்போது வாயில் வரும் சொல்லே கலைச்சொல்லுக்கு வித்து. ஒரு பொருளுக்கு ஐந்து பெயரிட்டு ஐவரும் தத்தம் பெயரே தக்கதென்று வழக்காடுவதை விடுவோம். கிளைவாயினும் சிறந்த சொல் எவரேனும் தருவராயின் யான் அதனையே வழங்குவேன். ஆனால் அது மாணவனின் கேள்விக்கு விடை சொல்லும் சொல்லாக இருத்தல் வேண்டும்.

செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974 இல் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கியது. பல்லாண்டு உழைப்பில் முற்றுப்பெற்றது. வேரைக் காட்டும் பணி அது. வேரிலிருந்து புதுத்தளிர் விடச் செய்யும் பணி நம்முடையது. அதனைத் திங்களிதழிலும் மேடையிலும் மட்டும் செய்தால் போதாது. பயிலகத்தின் ஆய்வகத்தில், பெட்டியின் முன்னர்ச் செய்தல் வேண்டும். அங்கே ஒரு பிள்ளை, "தலைவாய் திறந்துளது, கிளைவாய்க்கு எண் மாறியுளது" என்று தன் தோழனிடம் சொல்லிப் பழுதை நீக்குவானாயின், அன்றே அச்சொல் வேர்பிடித்தது என்க.

மடையை நாமே திறப்போம்; தமிழ் பாயட்டும்!